அணி மதிப்பெண் எழுபத்தொன்று

ஜூலை 13, ஞாயிறு

இடது பக்கக் குரல்நாண் அசையவில்லை. நேற்று மாலை இது உறுதி செய்யப்பட்டது. ஆதாரம்: சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் வைத்தீஸ்வரன், என் மூக்கு வழியாக அவர் இறக்கிய கேமரா, அது திரையில் காட்டிய படம். இவ்வளவு கெட்டியான ஆதாரத்தோடு எனக்குச் செய்தி கிடைப்பது அபூர்வம். அது என் தொண்டையைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டியதில்லை.

பின்னணி. போன மாதம் தைராய்டில் இருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டி சாதுவானது என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்துவிட்டது. எடுக்கும்போது பக்கத்தில் ஓடும் நரம்பு ஒன்று கோபித்துக்கொண்டது. நூறில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். குலுக்கலில் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழுந்ததில்லை எனக்கு. இது விழுந்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்: ஜெசிந்தா அமலதாஸ், வயது ஐம்பத்து நான்கு, திருச்சி பொன்மலை, நாளிதழ் நிருபர். நிருபர்கள் கூட்டத்தில் முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கான பதிலை மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவார். இரண்டாவது கேள்வியில்தான் செய்தி இருக்கிறது. இந்த ஊரில் அது என்னுடையது. என்னுடையதாக இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் ஊசி குத்தியது போலக் காற்று வருகிறது.

வழிகள் இரண்டு. ஒன்று, காத்திருப்பது, நரம்பு தானாக விழித்துக்கொள்ளலாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், விழிக்காமலும் போகலாம். இன்னொன்று, ஊசி. அசையாத நாணில் ஒரு கூழைச் செலுத்தி அதை நடுவுக்குத் தள்ளுவார்கள். அசைகிற நாண் வந்து அதைத் தொடும். குரல் வரும். டாக்டர் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் திருச்சிக்கு வருகிறார். ஆகஸ்ட் 9-க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் முன்னேற்றம் இருந்தால் ஊசி வேண்டாம் என்றார். அந்த வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 16, புதன்

என்ன குழம்பு வைக்கட்டும் என்று என் கணவர் தாஸ் கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரசம் கொதித்துவிட்டது.

ஜூலை 19, சனி

பெங்களூரிலிருந்து மகள் ரெனிட்டா ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள். உள்ளே ஒரு விளையாட்டு, இரண்டு கம்பியில்லா மைக்குகள். அவள் இங்கே விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டி இதைப் போட்டால் பாட்டு ஓடும், வரிகள் வரும், நாம் மைக்கில் பாட வேண்டும், நம் குரல் டிவியில் கேட்காது, பெட்டி மதிப்பெண் மட்டும் போடும். எல்லாப் பாட்டும் ஒரே குழுவினுடையவை. குழுவின் பெயர் ஐஸ்வண்டி. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், நால்வருக்கும் ஒரே தலைமுடி. முப்பது பாட்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஐஸ்வண்டியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சங்கத் தேர்தல்களை இந்த முறையில் நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரெனிட்டாவுக்குக் கல்லூரியில் இவர்கள்மேல் பைத்தியம். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"அம்மா, பேச்சுப் பயிற்சிக்குப் பாட்டு ரொம்ப நல்லதாம். நீ டெய்லி ரெண்டு பாட்டு பாடு."

நான் காற்றடித்தேன்.

"அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?"

"ரொம்ப சந்தோஷம்னு சொல்றாம்மா" என்றார் தாஸ்.

நான் சொன்னது, வேறு குழுவே கிடைக்கவில்லையா என்று.

ஜூலை 20, ஞாயிறு

முதல் முயற்சி. பாட்டு: 'எலுமிச்சை சோடா'. திரையில் ஒரு குச்சி ஐஸ் நிற்கிறது. சுருதி சேர்ந்தால் அப்படியே இருக்கும், விலகினால் உருகும். நான் முதல் வரியை எடுத்ததும் உருக ஆரம்பித்தது. பல்லவி முடிவதற்குள் குச்சி மட்டும் மிஞ்சியது. மதிப்பெண் பதினான்கு. கீழே எழுத்து வந்தது: "பரவால்ல மச்சி, வீட்ல சொல்லிக்காத."

அமைச்சர்கள் என்னை அம்மா என்றிருக்கிறார்கள். ஒருவர் நோட்டீஸ்கூட அனுப்பியிருக்கிறார். மச்சி என்று யாரும் அழைத்ததில்லை.

தாஸ் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். கோயில் பாடகர் குழுவில் கட்டைக்குரல் அவருடையது. ஞாயிறு பூசைக்கு அவர் வராவிட்டால் பாட்டுக்கு அடித்தளம் இல்லை என்று பீட்டர் மாஸ்டர் சொல்வார். அப்படிப்பட்டவர் என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மைக்கைச் சோபாவில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மதியம் சாப்பிடவில்லை. வெயில்.

ஜூலை 22, செவ்வாய்

நாற்பத்து மூன்று. அதே பாட்டு. ஐஸ் பாதிதான் உருகியது. எதிர்பார்க்கவில்லை. பெட்டி சூடாகி ஏதோ உளறுகிறது என்று மறுபடி போட்டேன். நாற்பத்தைந்து.

தாஸ் சமையலறையில் இருந்தார். தாளிக்கிற புகை எனக்கு ஆகாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறார். இரண்டாவது மைக்கைக் காணவில்லை. கேட்டதற்கு, சார்ஜ் நிற்கவில்லை, கடையில் கொடுத்திருக்கிறேன் என்றார். ஒரு மைக்கே என் குரலுக்கு அதிகம்.

இரவு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

செய்தி ஆசிரியர் சந்தானகிருஷ்ணன் தொலைபேசியில். என் செய்தித் தொடர்பாளராக இப்போது தாஸ் செயல்படுகிறார். நான் காதருகே காற்றை ஊத, அவர் மொழிபெயர்ப்பார். ஐ.நா. சபையில் இதைவிடத் துல்லியமாகச் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

"சார், மேடம்கிட்ட சொல்லுங்க. உடம்பு முக்கியம். வேணும்னா டெஸ்க்குக்கு வந்துடட்டும். தலைப்பு போடறதுக்கு வாய் எதுக்கு சார்? அமைதியா ஏசியில உக்காரலாம்."

என்னைத் துரத்த என்ன அவசரம் என்று கேளுங்கள் என்றேன்.

"உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றின்னு சொல்றாங்க சார்."

"ஆகஸ்ட் கடைசிக்குள்ள எனக்கு முடிவு வேணும் சார். ஃபீல்டுல ஒரு ஆள் நிரந்தரமா போட்டாகணும். இப்ப இளவேனில்தான் ஓடிக்கிட்டிருக்கா."

இளவேனில் கெட்டிக்காரி. முதல் கேள்வியை அழகாகக் கேட்பாள்.

நான் டெஸ்க்கில் உட்கார்ந்து பிறர் கேட்டதற்குத் தலைப்புப் போடுவதை யோசித்துப் பார்த்தேன். யோசனையை அத்தோடு நிறுத்தி, மைக்கை எடுத்தேன். ஐம்பத்திரண்டு.

ஜூலை 27, ஞாயிறு

பதினாறு. காலையிலிருந்து கோயில், அங்கிருந்து பொன்மலைச் சந்தை என்று தாஸ் வெளியே. வீட்டில் நான் மட்டும்தான். ஆளில்லாத வீட்டில் காற்று வறண்டு தொண்டையைப் பிடித்திருக்கும். மாலையில் அவர் மீன் கழுவும்போது பாடினேன். ஐம்பத்தொன்று. மாலைதான் எனக்கு உகந்த நேரம் என்று தெரிகிறது.

ஜூலை 31, வியாழன்

பேச்சுப் பயிற்சியாளர் ஹேமலதா வீட்டுக்கு வந்து என் குரலைக் கேட்டாள். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு ஊதச் சொன்னாள். "ஈ" என்று இழுக்கச் சொன்னாள். கையில் கடிகாரம் வைத்துப் பார்த்தாள்.

"போன வாரம் மாதிரியேதான் மேடம் இருக்கு."

நான் பெட்டியின் மதிப்பெண்ணைச் சொன்னேன். சிரித்தாள்.

"கேம் வேற, கிளினிக் வேற மேடம். ஊசி போட்டுக்கங்க, நான் அதுக்கப்புறம் ஈஸியா கொண்டு வந்துடறேன்."

இருபத்தேழு வயதுப் பெண். பட்டயப் படிப்பு. பெட்டியின் அட்டையிலோ "துல்லியமான சுருதி அறியும் தொழில்நுட்பம்" என்று போட்டிருக்கிறது. ஆண் குரலா பெண் குரலா என்றுகூடப் பார்க்காதாம், சுரம் சேர்ந்தால் போதுமாம். இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் செய்தியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. நான் இளையவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிவந்த விதி. அது செய்திகளுக்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுபத்தொன்று. "பிச்சுட்ட மச்சி."

ஐஸ் ஒரு சொட்டுகூட உருகவில்லை. கீழே "அணி மதிப்பெண்" என்று போடுகிறது. ஒரே ஆள் பாடினாலும் அணி என்கிறது. சொந்தத் தெருவில் வாக்கு வாங்காத கட்சிகளும் மாநிலக் குழு வைத்திருப்பது போல.

ரெனிட்டாவுக்குத் திரையைப் படமெடுத்து அனுப்பினேன். பதிலுக்குக் கைதட்டும் பொம்மைகள் வந்தன. தாஸ் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் காட்டினேன். "நல்லாருக்கு ஜெசி" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னார். பாட்டுத் தெரிந்தவர்களுக்குப் பிறர் முன்னேற்றம் கொஞ்சம் உறுத்தும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஊசிக்குக் கொடுத்த பெயரை எடுத்துவிட்டேன். தொலைபேசியில் பேச முடியாது என்பதால் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் காகிதத்தைப் பார்த்தாள்.

"வேணாமா? ஏம்மா? டாக்டர் மாசம் ஒருக்காதான் வருவாரு. இத விட்டா செப்டம்பர் பதிமூணு."

முன்னேற்றம் என்று எழுதிக் காட்டினேன்.

"பேசிக் காட்டுங்க?"

மதிப்பெண் படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஐஸ்வண்டியா? எனக்கும் ரொம்பப் புடிக்கும்மா" என்று என் பெயரை அடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தபோது தாஸிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி வட்டிலுக்கு மேலே நின்றது.

"எடுத்துட்டியா? யாரக் கேட்டு?"

என் குரலை எடுத்ததற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, பெயரை எடுப்பதற்கு யாரைக் கேட்பது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தாஸ் காலையிலிருந்து பின்னாலேயே வருகிறார்.

"எதுக்கும் ஊசி போட்டுக்கலாமே ஜெசி. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நான் வேணா போயிக் கேக்குறேன்."

எழுபத்தொன்று என்று விரலில் காட்டினேன்.

"அது வெளாட்டுச் சாமான்மா."

நல்ல செய்தியை நம்பாதவர். வீட்டில் எதிர்க்கட்சி தேவைதான். மாலை கதவைச் சாத்தாமலே சமைத்தார். மதிப்பெண் இருபது. மனம் சரியில்லாமல் பாடினால் அப்படித்தான். நான் மைக்கை வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து, "இன்னொருக்கா பாடு" என்று சொல்லி, போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அறுபத்தெட்டு.

ஆகஸ்ட் 9, சனி

டாக்டர் ஊருக்கு வந்து போனார். நான் போகவில்லை. எழுபத்தாறு.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் இன்று நிருபர்களை அழைத்திருந்தார். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. எல்லாக் கட்சிக்கும் அதே ஓட்டல், அதே மேசை, அதே காய்ந்த சமோசா. அவர் வேறு கட்சிக்குத் தாவப்போகிறார் என்று பேச்சு. அதை மறுப்பதற்காகக் கூட்டம். நான் வருகிறேன் என்று சந்தானகிருஷ்ணனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். இளவேனில் முன்வரிசையில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.

அவள் முதல் கேள்வி கேட்டாள். "கட்சி மாறப்போறதா சொல்றாங்களே?"

"என் உடம்புல ஓடறது இந்தக் கட்சி ரத்தம் தங்கச்சி."

நான் எழுந்தேன். போன வாரம் சென்னையில் யார் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்தீர்கள் என்பது என் கேள்வி. முகவரிகூடக் கையில் இருந்தது. வாயைத் திறந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என்னிடமிருந்து வந்தது அதைவிடக் குறைவு.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் அவர்.

மறுபடி முயன்றேன். இன்னும் அழுத்தி. கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

"ஆசீர்வாதம் பண்றாங்கய்யா" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர்.

அறை சிரித்தது. செயலாளர் இரண்டு கைகளையும் கூப்பி என்னை வணங்கினார். கேமராக்கள் அதை எடுத்துக்கொண்டன. பிறகு எல்லோரையும் டீ சாப்பிடச் சொன்னார். என் கேள்வியை எழுதி இளவேனிலிடம் கொடுத்திருக்கலாம். அது நினைவுக்கு வந்தபோது அவர் கார் ஏறிவிட்டார்.

"அக்கா, வாங்க, வண்டியில விட்டுடறேன்" என்றாள் அவள். நான் பேருந்தில் வந்தேன். நடத்துநரிடம் பொன்மலை என்று சொன்னேன். அவர் மூன்று முறை கேட்டுவிட்டு ஜங்ஷனுக்குக் கிழித்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

எழுபத்தாறு மதிப்பெண் வாங்கும் குரல் மின்விசிறியிடம் தோற்கக் கூடாது. இதில் ஏதோ ஓர் ஆதாரம் பொய் சொல்கிறது. புதன்கிழமை அறையில் இருந்தவர்கள் இருபது பேருக்கு மேல். ஹேமலதாவும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பெட்டி மட்டும். ஒற்றை ஆதாரத்தை வைத்து நான் இதுவரை ஒரு திருட்டுக் கேஸ்கூட எழுதியதில்லை.

மாலை தாஸ் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் வதக்கினார். நான் 'எலுமிச்சை சோடா'வைப் போட்டேன். மைக்கைச் சோபாவில் வைத்தேன். எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, வாயை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டேன்.

பாட்டு ஓடியது. ஐஸ் உருகவில்லை. பல்லவி, சரணம், நடுவில் நால்வரும் விசிலடிக்கும் இடம், எல்லாம் தாண்டி அப்படியே பளபளப்பாக நின்றது. எழுபத்து நான்கு. "பிச்சுட்ட மச்சி."

வாயே திறக்காமல் எழுபத்து நான்கு.

அடுத்த பாட்டைப் போட்டுவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தேன். தாஸ் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில் இரண்டாவது மைக், சத்தம் வெளியே போகாமலிருக்க அடுப்புத் துணி சுற்றியபடி. அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துப் பாட்டின் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார். பூசையில் திருப்பலிப் பாட்டுக்கு அடித்தளம் போடும் அந்தக் குரல், மிக மெதுவாக, மிகுந்த பக்தியோடு, "சிக்னல் இல்ல செல்லக்குட்டி, மாடிக்கு வா" என்று பாடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். கூடத்தில் ஐஸ் உருகும் சத்தம் கேட்டது. அதற்குக்கூட ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள்.

வெங்காயம் கருகியது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தாஸ் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் மேசையில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தேன். என் கேள்விகள் காற்றில். ஒரே வீட்டில், எதிரெதிரே, மின்விசிறியை நிறுத்தினால் கேட்கிறது.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"எப்படி?"

"ரெனிட்டாதான் போன்ல சொல்லிக் குடுத்தா. அணின்னு ஒரு எடம் இருக்கு, அத அமுக்குனா ரெண்டு மைக்கும் சேந்து எண்ணும்னு. எதுக்குன்னு நான் அவகிட்ட சொல்லல. அப்பாவும் அம்மாவும் சேந்து பாடறாங்கன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா."

அதாவது மகளும் ஏமாந்திருக்கிறாள். இந்தச் சதியில் வேறு கூட்டாளி இல்லை.

முதல் கேள்விகள் முடிந்தன. நான் இரண்டாவதற்கு வந்தேன்.

"நான் ஊசிய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேனே. அன்னிக்காவது சொல்லிருக்கலாம்ல?"

அவர் மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் எல்லோரும் அதைச் செய்வார்கள்.

"சொல்லத்தான் மறுநாளு கதவத் தொறந்து வெச்சேன். இருவது வந்துச்சு. நீ செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்த. மொத நாளும் அப்படித்தான் பதினாலு வந்ததும் போயிப் படுத்த, சோறு திங்கல. நாப்பத்து மூணு வந்த அன்னிக்கி நாலு தோசை தின்ன. ஒனக்குக் குரல் போச்சுன்னா நீ வேலைய நெனைக்கற. நீ சத்தம் போடாத வீட்ல நான் இருந்ததில்ல ஜெசி. எனக்கு என்னமோ பண்ணிச்சு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான், நீ சந்தோஷமாவாவது இருக்கட்டும்னு."

"ஒரு மாசம் போச்சே."

"போச்சு" என்றார். மறுக்கவில்லை, பூசவில்லை, பத்திரிகைகள் திரித்துவிட்டன என்று சொல்லவில்லை. என் அனுபவத்தில் இப்படி ஒரு பதிலுக்கு மூன்றாவது கேள்வி கிடையாது.

இருந்தாலும் கோபம் போகவில்லை. அவரை வாசலில் நிற்க வைத்து, இரண்டாவது மைக்கின் பேட்டரியைக் கழற்றி, அணியைக் கலைத்து, தனியாகப் பாடினேன். பதினைந்து. முதல் நாளைவிட ஒன்று கூடுதல். உறுதி செய்யப்பட்டது. ஆதாரம்: நான்.

"பதினஞ்சா?" என்றார் வாசலிலிருந்து.

தலையாட்டினேன்.

"ஒண்ணு ஏறிருக்கு" என்றார்.

பக்கத்தில் இருந்த தலையணையை எறிந்தேன். சரியாகப் பட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மருத்துவமனைக்கு இருவரும் போனோம். அதே வரவேற்புப் பெண்.

"என்னம்மா, எழுபத்தொண்ணு வந்துச்சே?"

"அது நான்ம்மா" என்றார் தாஸ். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.

செப்டம்பர் 13 மாலை. கடைசிப் பெயர் என்னுடையது.

சந்தானகிருஷ்ணனுக்கு நானே எழுதினேன்: குரல் இன்னும் வரவில்லை, வந்துவிட்டதாக நான் நம்பியது தவறான தகவலின் பேரில், முடிவைச் செப்டம்பர் மூன்றாவது வாரம் வரை தள்ளிவைக்கவும். தகவல் தந்தவர் யார் என்று கேட்டார். எங்கள் தொழிலில் அதைச் சொல்வதில்லை என்று பதில் அனுப்பினேன்.

செப்டம்பர் 13, சனி

ஊசி போட்டாகிவிட்டது. விழித்திருக்கும்போதே, கழுத்து வழியாக. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே "கொஞ்சம், கொஞ்சம், ஆங், நில்லு" என்று பேருந்தைப் பின்னால் எடுக்கச் சொல்லும் நடத்துநர் போல என் குரல்நாணை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை காலை வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. என்ன குரல் வரும் என்று எழுதிக் கேட்டேன்.

"வரட்டும், பாப்போம்" என்றார்.

"பழைய குரலா?" என்று அடியில் எழுதினேன்.

"அதுக்கு நான் எப்படிம்மா உத்தரவாதம் குடுக்க முடியும்? உங்க பழைய குரல நான் கேட்டதே இல்லையே."

தாஸ் என் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை பூசை முடிந்ததும் பீட்டர் மாஸ்டர் போன் செய்தார். நான் எடுத்து ஒருமுறை தட்டினேன். என் நிலைமை அவருக்குத் தெரியும்.

"அண்ணி, பேச வேணாம், கேட்டா போதும். அண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிச்சாமே? இன்னிக்கிப் பாடல, சும்மா நின்னாரு. இருவது வருசத்துல மொதத் தடவ. மிளகுக் கசாயம் வெச்சுக் குடுங்க."

தாஸின் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை. காலை ஆறரைக்கு மீன்காரரிடம் சங்கரா செத்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்று தெரு முனை வரை கேட்கும்படி வாதாடினார். நானே சாட்சி. கோயிலில் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்கலாம், ஆனால் கேட்கக் கூடாத நாட்களில் இருக்கிறேன். அது தெரிந்துதான் செய்திருக்கிறார். இப்போது அடுக்களையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பூண்டு உரிக்கிறார்.

நிலுவையில் இருப்பவை. மாவட்டச் செயலாளர் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடி நிருபர்களை அழைத்திருக்கிறார். தாவுவது முடிவாகிவிட்டது, காரணம் சொல்லப்போகிறார். இளவேனிலும் நானும் போகிறோம். குரல் வராவிட்டால் என் கேள்வியை அவள் கேட்பாள். எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "வெச்சுக்கங்கக்கா. வரலேன்னா அங்க வந்து வாங்கிக்கறேன்" என்றாள். களமா டெஸ்க்கா என்பதை அந்தக் கூட்டம் முடிந்ததும் சொல்வதாகச் சந்தானகிருஷ்ணன் எழுதியிருக்கிறார்.

நான் வாய் திறப்பது அன்று காலை, வீட்டில், தாஸின் முன்னால். என்ன குரல் என்பது அதுவரை உறுதியாகாது.